சோடிச் சில்லும் பெரிய ரயரும்



இந்த முறை பாடம் லொறிச் சில்லைப் பற்றியது. "தேங்காய் பொறுக்கிற எங்களுக்கு லொறி ரயர் என்னத்துக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தோட்டத்துத் தேங்காய் போகிற லொறியிலைதான் எங்கட ஆக்களும் பல நாள் போய் வருகினம். அந்த லொறியின் பின் சில்லு வெடித்தால் முதலில் விழுகிறவர் சாரதி இல்லை, பின்னால் ஏறி இருக்கிறவர்தான். ஆகவே இந்தப் பாடம் எல்லாருக்கும் உரியது.

பளை, புலோப்பளை, மாசார், இயக்கச்சிப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மணல் தடம் புதிதல்ல. மருதங்கேணி, செம்பியன்பற்று, ஆழியவளைப் பக்கம் போனால் இன்னும் மோசம். பாரம் ஏற்றின லொறி புதைஞ்சு நிற்கும். அப்ப யாராவது ஒருவர் சொல்லுவார்: "பின்னுக்குப் பெரிய ரயர் போட்டால் சோக்காய் ஏறும்." இந்த யோசனை சரியா, பிழையா? அதைத்தான் இன்றைக்குப் படிக்கப் போகிறோம்.

1. சோடிச் சில்லு என்றால் என்ன?

பட்டா போன்ற சின்ன வாகனத்துக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சில்லு. எங்கட தோட்டங்களுக்கு வருகிற கன்ரர், எல்ப் லொறிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சில்லு. உள்ளுக்கு ஒன்று, வெளியில் ஒன்று. இரண்டும் ஒரே அச்சில், ஒரே நட்டுகளில் சேர்ந்து ஓடுகின்றன. மாட்டு வண்டியில் ஒரே நுகத்தில் பூட்டின இரண்டு மாடு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு சோர்ந்தால் பாரம் முழுக்க மற்ற மாட்டின் கழுத்தில்தான் விழும்.

இரண்டு சில்லுக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கும். பார்க்கிறவருக்கு அது சும்மா கிடக்கிற இடம் போலத் தெரியும். அது சும்மா இல்லை. பாரம் ஏறும்போது ரயரின் வயிறு பிதுங்கும். பிதுங்க இடம் வேணும், சூடு ஆறக் காத்துப் போகவும் இடம் வேணும். அந்த இடம்தான் சோடிச் சில்லின் உயிர்.

2. நான் கண்ட ஒரு சம்பவம்

2022 ஆம் ஆண்டு. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். உதிரிப்பாகம், ரயர் எல்லாம் கைக்கெட்டாத விலை. எங்களுக்குத் தேங்காய் ஏற்ற வாடகைக்கு வந்த ஒரு லொறியின் பின் ரயர்கள் தேய்ந்து வழுக்கையாய்ப் போய்விட்டன. அதற்கு உரிய அளவு 7.00-16. உரிமையாளர் வேறொரு பெரிய லொறியில் கழற்றின 8.25-16 ரயர் நாலை வாங்கி, பழைய றிம்மிலேயே போட்டுக்கொண்டு வந்தார். லொறி பின்னால் நிமிர்ந்து நின்றது. "இனி மணலிலை நிக்காது சேர்" என்று சொன்னார். எனக்கும் சந்தோஷம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் பின்னேரம் பாரத்துக்கு மேலே ஏறி இருந்த ஒரு அக்கா சொன்னா: "சேர், றப்பர் கருகின மணம் வருது." நான் சொன்னேன்: "அது எங்கையோ பொச்சுமட்டை எரிக்கினம் அக்கா." லொறி வெளிக்கிட்டது. இரண்டு மைல் போகவில்லை. உள்ச்சில்லு வெடி போட்ட மாதிரி வெடித்தது. லொறி ஒரு பக்கம் சரிந்து ஆட, மேலே இருந்த இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவருக்குச் சிராய்ப்பு. அந்த அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்தியது, ஆனால் பழைய பிடி வரவில்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கில் தேங்காய் உரித்த கை அது. இப்போ அவ நாற்றுமேடையில் தண்ணி விடுகிறா.

பிறகு அந்தச் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தோம். உள் ரயரின் வெளிப்பக்கமும், வெளி ரயரின் உட்பக்கமும் வட்டமாய்த் தேய்ந்து, உள்நூல் தெரிந்தது. மூன்று நாளும் இரண்டு ரயரும் ஒன்றோடொன்று உரஞ்சிக்கொண்டே ஓடியிருக்கின்றன. அக்காவின் மூக்குக்குத் தெரிந்தது, நலன்புரி உத்தியோகத்தரான என்னுடைய படிப்புக்குத் தெரியவில்லை. இந்தப் பாடத்தை எழுத அதுவே காரணம்.

3. கணக்கு எங்கே பிழைத்தது?

ரயரில் 7.00-16 என்று இருந்தால், ரயரின் அகலம் ஏறத்தாழ 7 அங்குலம், றிம்மின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். 7.50, 8.25 என்று போகப் போக ரயர் அகலமும் கூடும், உயரமும் கூடும். கீழே உள்ளவை ஏறத்தாழக் கணக்குகள். கொம்பனிக்குக் கொம்பனி சிறிது மாறும்.

7.00-16: அகலம் 200 மில்லிமீற்றர், உயரம் 775.
7.50-16: அகலம் 215 மில்லிமீற்றர், உயரம் 805.
8.25-16: அகலம் 235 மில்லிமீற்றர், உயரம் 860.

இனி இடைவெளியைப் பார்ப்போம். உள் ரயரின் நடுவிலிருந்து வெளி ரயரின் நடுவுக்கு உள்ள தூரத்தை றிம்தான் தீர்மானிக்கிறது. ரயர் தீர்மானிப்பதில்லை. 7.00-16 ரயருக்கென்று செய்த றிம்மில் அது ஏறத்தாழ 230 மில்லிமீற்றர். பொதுவான கணக்கு என்னவென்றால், அந்தத் தூரம் ரயரின் அகலத்தைவிட நூற்றுக்கு 15 பங்காவது கூட இருக்க வேணும். 200க்கு 230, சரி. 215க்கு 247 வேணும், போதாது. 235க்கு 270 வேணும், கிட்டவும் வராது.

எங்கட லொறியில் பாரம் இல்லாமல் நிற்கும்போது இரண்டு ரயருக்கும் இடையில் ஒரு பென்சில் போகிற இடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் "முட்டவில்லைத்தானே" என்று விட்டுவிட்டோம். தேங்காய் ஏற்றினதும் வயிறு பிதுங்கி முட்டிவிட்டது. வெறும் லொறியில் பார்த்த இடைவெளியை நம்பக்கூடாது என்பது முதலாவது பாடம்.

4. பெரிய ரயர் போட்டால் கூடப் பாரம் ஏற்றலாமா?

இல்லை. இதை எல்லாரும் மனதில் பதிக்க வேணும். லொறி தாங்குகிற பாரத்தை ரயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சு, ஸ்பிறிங் பிளேட், றிம், நட், பிறேக், சட்டம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஆகப் பலவீனமானது எதுவோ, அதுதான் லொறியின் பலம். அறுந்த கயிற்றில் புது வாளி கட்டி என்ன பயன்?

ரயரின் பக்கத்தில் 118/114 என்பது போல இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் ஒற்றைச் சில்லாய் ஓடும்போது தாங்கும் பாரத்துக்கான குறி, இரண்டாவது சோடியாய் ஓடும்போது தாங்கும் பாரத்துக்கான குறி. 118 என்றால் 1320 கிலோ. 114 என்றால் 1180 கிலோ. சோடியாய் ஓடும்போது ஒரு ரயருக்குக் குறைவாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஏனென்றால் இரண்டும் ஒருபோதும் சரிசமமாய்ப் பாரம் தாங்குவதில்லை. ஒரு சோடியின் மேல் 2200 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு 1100. உள்ச்சில்லில் காத்து இறங்கிவிட்டால் வெளிச்சில்லின் மேல் முழு 2200. தாங்கக்கூடியதோ 1320. அடுத்து என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தேங்காய்க் கணக்கையும் பாருங்கள். உரித்த தேங்காய் ஒன்று ஏறத்தாழ 650 கிராம். 3000 தேங்காய் என்றால் ஏறத்தாழ 2 தொன். உரிக்காத தேங்காய் ஒரு கிலோவுக்கு மேலே. அதே 3000 காய் மூன்று, மூன்றரைத் தொன்னுக்கும் போகும். எண்ணிக்கை ஒன்றுதான், பாரம் ஒன்றல்ல. அதற்கு மேலே பத்துப் பேர் ஏறினால் இன்னும் அரைத் தொன்.

பெரிய ரயரால் வேறு கெடுதிகளும் உண்டு.

வேகம்: 7.00 கழற்றி 8.25 போட்டால் ரயரின் உயரம் நூற்றுக்கு 11 பங்கு கூடுகிறது. மீற்றர் 40 காட்டும்போது லொறி உண்மையில் 44இல் போகும்.

பிறேக்: சில்லு பெரிதானால் அதே பிறேக் அதே மிதிக்குக் குறைவாகவே பிடிக்கும்.

கிளச், கியர்: புறப்படும்போது இழுவை கூட. மணலில் ஏறும் என்று போட்ட ரயர், அதே மணலில் கிளச்சை எரிக்கும்.

உயரம்: பெட்டி உயர்ந்தால் பாரமும் உயரும். வளைவில் சரியும் ஆபத்துக் கூடும்.

5. ஏன் எங்களுக்கு இந்தப் பழக்கம் வந்தது?

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் வாகன உதிரிப்பாகமும் வராமல் இருந்தபோது, மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆக்கள் நாங்கள். கிடைத்ததைப் போட்டு ஓட்டினபடியால்தான் பல உயிர் தப்பியது. பிறகு 2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் படிப்படியாகத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய லொறிகளுக்குத்தான் வேலை. ஒட்டுப் போட்டு ஓட்டுகிற கெட்டித்தனம் எங்கட கையில் இருக்கிறது. ஆனால் எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்று தெரிவதும் அந்தக் கெட்டித்தனத்தில் ஒரு பகுதிதான். சோடிச் சில்லின் இடைவெளி ஒட்டுப்போடக்கூடாத இடம்.

6. மாற்றத்தான் வேணுமென்றால்

லொறி உரிமையாளர்களும் சாரதித் தம்பிமாரும் கவனிக்க வேண்டியவை:

அ. முதலில் லொறியின் கதவு ஓரத்தில் அல்லது கையேட்டில் உள்ள ரயர் அளவைப் பாருங்கள். அதே மொடலுக்குக் கொம்பனியே இரண்டு அளவு அனுமதித்திருந்தால், அந்த இரண்டாவது அளவு மட்டும்தான் போடலாம்.

ஆ. அளவு மாறினால் றிம்மும் அதற்கேற்றபடி மாற வேணும். பெரிய ரயருக்கு அகன்ற றிம் வேணும், நடுவுக்கு நடு தூரமும் கூட வேணும். முன்னுக்கும் பின்னுக்கும் மேலதிகச் சில்லுக்கும் ஏழு றிம். அந்தச் செலவைக் கணக்குப் பார்த்தால் பலர் பழைய அளவுக்கே திரும்பி வருவினம்.

இ. இரண்டு றிம்முக்கும் இடையில் இரும்பு வளையம் வைத்து இடைவெளி எடுக்கலாம் என்று சிலர் சொல்லுவினம். வேண்டாம். போல்ற்றில் நட்டுப் பிடிக்கிற நீளம் குறையும். சில்லே கழன்று ஓடும்.

ஈ. உள்ச்சில்லுக்கும் ஸ்பிறிங் பிளேட்டுக்கும் இடையில், மேலே பெட்டிக்கும் மட்காட்டுக்கும் இடையில், முன்சில்லை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எல்லா இடமும் நிறைபாரத்தோடு பார்க்க வேணும்.

உ. லொறி போன்ற வாகனங்களுக்கு வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேணும். அளவு மாற்றினால் அங்கே மறைக்காமல் காட்டுங்கள். விபத்து நடந்தபிறகு காப்புறுதிக்காரர் கேட்கும்போது பதில் தேடுகிறதைவிட அது நல்லது.

7. சோடி சேர்க்கிற முறை

அளவு சரியாய் இருந்தாலும் சோடி பிழைத்தால் கதை அதேதான். புது ரயரோடு வழுக்கை ரயரைச் சோடி சேர்க்கக்கூடாது. இந்த அளவு லொறிகளில் ஒரு சோடியின் உயரத்தில் 6 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நூலால் சுற்றளவு எடுத்தால் 19 மில்லிமீற்றர். உயரத்தில் 20 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் என்ன? ஒரே அச்சில் பூட்டின இரண்டும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சின்ன ரயர் 6 சென்ரிமீற்றர் பின்தங்கும். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 மீற்றர் தெருவில் இழுபடும். 40 கிலோமீற்றர் ஓடினால் ஒரு கிலோமீற்றர் தூரம் ரயரைத் தெருவில் தேய்த்திருக்கிறீர்கள். சிறிது வித்தியாசம் தவிர்க்க முடியாவிட்டால் சின்னதை உள்ளுக்கும் பெரியதை வெளிக்கும் போடுங்கள். தெரு நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்து இருப்பதுதான் காரணம்.

நாரிழை ரயரையும் கம்பி ரேடியல் ரயரையும் சோடி சேர்க்கக்கூடாது. ரீபில்ட் ரயர் போட்டால் இரண்டும் ரீபில்ட், இரண்டும் ஒரே தேய்வு. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆம் கிழமையில் செய்தது. பூ நல்லாய் இருந்தாலும் வயது போன ரயர் வெடிப்பு விட்டிருக்கும்.

காத்து, காலையில் சில்லு குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேணும். சோடிக்குள் 5 இறாத்தலுக்கு மேல் வித்தியாசம் கூடாது. உள்ச்சில்லின் வால்வ் கைக்கு எட்டாது என்று பலர் அதைப் பார்ப்பதே இல்லை. காலால் உதைத்துப் பார்ப்பதும் பயன் இல்லை. வெளிச்சில்லு தாங்கிக்கொண்டு நிற்கும், உள்ளுக்குக் காத்தே இராது.

பழைய ஜப்பான் லொறிகளில் பெரும்பாலும் உள்ச்சில்லுக்கு ஒரு நட், வெளிச்சில்லுக்கு ஒரு நட். இடப்பக்கச் சில்லுக்கு மரை எதிர்ப்பக்கம் திரும்பும். உள் நட்டை இறுக்கிய பிறகுதான் வெளி நட். சில்லு மாற்றி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடினதும் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, திரும்ப வெளி நட்டை இறுக்க வேணும்.

8. அப்ப மணலுக்கு என்ன வழி?

பெரிய ரயரைவிட மலிவான வழிகள் எங்கட தோட்டத்திலேயே இருக்கின்றன.

பாரத்தைப் பாதியாக்கி இரண்டு தரம் கொண்டுவந்து தார் றோட்டு ஓரத்தில் சேருங்கள். மணல் தடத்துக்கு லாண்ட்மாஸ்ரரும் பெட்டியும் விடுங்கள். புதைகிற இடத்தில் தென்னோலை, பொச்சுமட்டை பரப்புங்கள். புதைஞ்சால் அக்சிலேற்றரை மிதித்துச் சில்லைச் சுற்ற விடாதேங்கோ, அது கிணறுதான் வெட்டும். மணலுக்குள் மட்டும் காத்தைச் சிறிது குறைத்து மெதுவாய்ப் போகலாம். ஆனால் தார் றோட்டில் ஏற முன் திரும்ப அடிக்க வேணும். பம்ப் கையில் இல்லாவிட்டால் குறைக்கவே வேண்டாம்.

இன்னொன்று: மணலைத் தவிர்க்க என்று முகமாலைப் பக்கத்தில் பழகின தடத்தை விட்டுப் புதுத் தடம் பிடிக்காதேங்கோ. நெடுங்காலம் கண்ணிவெடி அகற்றின மண் அது.

9. ஏற முன் பார்க்க வேண்டியவை

இது தொழிலாளர் எல்லாருக்கும். லொறி நிறுத்தி, திறப்பு சாரதியின் கையில் இருக்கும்போது, சில்லுக்குக் கட்டை வைத்த பிறகு பாருங்கள்.

1. பாரம் ஏற்றின பிறகு, தரைக்குச் சற்று மேலே, இரண்டு ரயரின் வயிற்றுக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாகப் போகிறதா?
2. இடையில் கல் சிக்கி இருக்கிறதா? முருகைக்கல் சிக்கினால் இரண்டு ரயரையும் வெட்டும், தெறித்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. கம்பியால் நெம்பி எடுக்க வேணும்.
3. நட் எல்லாம் இருக்கிறதா? நட்டைச் சுற்றித் துருக் கோடு இருந்தால் அது தளர்ந்திருக்கிறது.
4. றப்பர் மணம் வருகிறதா? வந்தால் ஏறாதேங்கோ. ஓடிக்கொண்டிருந்தால் பெட்டியில் தட்டி நிற்பாட்டுங்கோ.

பாரத்துக்கு மேலே ஏறிப் போகிற பழக்கத்தை நிற்பாட்ட வேணும். ஆக்களுக்குத் தனி வாகனம் கேட்பது குழப்படி இல்லை, அது உரிமை. வேலையில் காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. நடந்த நாள், நேரம், லொறி இலக்கம், கண்ட சாட்சி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுவியுங்கோ. எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருவேன்.

நீங்களே விடை சொல்லிப் பாருங்கள்

1. வெறும் லொறியில் பார்த்த இடைவெளியை ஏன் நம்பக்கூடாது?
2. உங்கள் தோட்டத்துக்கு வருகிற லொறியின் பின் ரயரில் என்ன அளவு எழுதியிருக்கிறது? நாலும் ஒன்றா?
3. 118/114 என்று இருந்தால் சோடியில் ஒரு ரயர் எத்தனை கிலோ தாங்கும்?
4. உரித்த தேங்காய் 2000, ஆக்கள் 8 பேர். பாரம் ஏறத்தாழ எவ்வளவு?

இரண்டாவது கேள்விக்கு விடை இந்தத் தாளில் இல்லை, லொறியில்தான் இருக்கிறது. நாளைக்குக் காலை போய்ப் பாருங்கள். யாராவது ஒரு அக்கா "மணம் வருது" என்று சொன்னால், என்னைப்போல மறுமொழி சொல்லாமல் இறங்கிப் பாருங்கள்.